மருந்துல இருக்கேன் என்றார் வீரையா

என் பாசத்துக்குரிய மச்சான்,

இப்படி ஒன்று நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்கிறார்கள்? அக்காவிடம் சொன்னால், "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டா" என்கிறாள். ஆனால் அந்தப் பெண் வந்து இறங்கிய அன்றே சொன்னேன். இவள் தமிழும் நம் தமிழும் காஹாங் சாலையில் எதிரெதிரே வரும் இரண்டு லோரி மாதிரி, ஒரு நாள் மோதும் என்று. மோதிவிட்டது.

நாளைக் காலை உங்கள் இலவசக் கிளினிக்கின் கமிட்டி கூடுகிறது. தேன்மொழியை ஊருக்குத் திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். அவள் பெட்டி இப்போதே கூடத்தில் நிற்கிறது. நாளை உங்கள் நினைவு நாளும்கூட. கிளினிக் பலகையில் ஒட்ட ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன்தான். இருந்தாலும் இந்த வட்டாரத்தில் என்னைப் போல எழுதுகிறவன் வேறு யார், நீங்களே சொல்லுங்கள்.

தேன்மொழியை உங்களுக்குத் தெரியாது. திண்டுக்கல் பக்கத்துப் பெண், நர்ஸ் படிப்பு முடித்தவள். மூன்று மாதம் சம்பளம் வாங்காமல் நம் கிளினிக்கில் உதவ வந்தாள். வெளிநாட்டிலிருந்து உதவ வருகிறவர்களுக்கு நம் வீட்டில்தான் சோறும் படுக்கையும் என்று கமிட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அதன்படி உங்கள் அறையில் இருக்கிறாள். முதல் நாள் காலை அக்கா, "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டாள். நமக்கு அது காலைச் சாப்பாடு. அவளோ மரியாதையாக, "இப்ப பசி இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மத்தியானம் வரை பட்டினி கிடந்தாள்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் கமிட்டி, நம் ஊர்ப் பேச்சை விளக்கிச் சொல்ல என்னை அவள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. என்னை விட்டால் வேறு யார்? ஆனால் போன சனிக்கிழமை, வீரையா வந்த அந்த நேரம் மட்டும், நான் எதிர்க்கடைக்குக் கோப்பி குடிக்கப் போயிருந்தேன். நான் ருசி பார்த்துத் தலையசைத்தால்தான் அந்தக் கடைக்காரர் அன்றைய கோப்பியை விற்பார். என்ன செய்வது?

வீரையா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். தலைசுற்றல், குமட்டல், உடம்பெல்லாம் வியர்வை. தேன்மொழி தாளை எடுத்து, "ஏதாவது மருந்து எடுத்துக்கிறீங்களாய்யா?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு வருஷமா மருந்துலதாம்மா இருக்கேன். இன்னிக்குக் காலையிலகூட."

பன்னிரண்டு வருடமாக மருந்து சாப்பிடுகிறார், இன்றைய வேளையும் ஆயிற்று என்று அவள் எழுதிவிட்டாள். மச்சான், தோட்டத்தில் மருந்தில் இருப்பது என்றால் என்ன? பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு பூச்சிமருந்து அடிப்பது. "மாப்பிள்ளை வெட்டுல இருக்காரு, உரத்துல இருக்காரு, மருந்துல இருக்காரு" என்று சொல்லித்தானே நம் ஆட்கள் பெண் கேட்டார்கள். திண்டுக்கல் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

அன்று கூட்டமான கூட்டம். குளுவாங்கிலிருந்து வரும் டாக்டர் சீனர், தமிழ் தெரியாது. தாளைப் பார்த்தார். தலைசுற்றலுக்கு மாத்திரை கொடுத்தார். வழக்கமாக எடுக்கும் மருந்தை விடக் கூடாது என்று சொல்லச் சொன்னார். தேன்மொழியும் அப்படியே சொன்னாள்.

"மருந்த மட்டும் நிறுத்திடாதீங்கய்யா. மத்தியானமும் விட்டுடாதீங்க."

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாம்னு பார்த்தேம்மா. டாக்டரே சொன்னா அப்புறம் என்னலா, போயிடறேன்."

போய்விட்டார், மச்சான். மறுபடியும் மருந்துக்கே போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். தேன்மொழி பேச்சுவாக்கில், "மாமா, காலையில வந்தவருக்குத் தான் சாப்பிடற மருந்தோட பேரே தெரியல. கேட்டா, மண்டோர்தான் கலக்கிக் குடுப்பாருங்கிறார். மண்டோர்னா வைத்தியரா?" என்றாள்.

மண்டோர் வேலையாட்களை மேய்ப்பவர். வைத்தியரா அவர்? 

"அடிப்பாவி, குடிக்கிற மருந்து இல்ல, அடிக்கிற மருந்து!" என்று எழுந்தேன். அவளும் கூடவே எழுந்தாள். "நான்தான் மத்தியானமும் போகச் சொன்னேன்" என்றாள். எச்சில் கையோடு ஓடினேன். "டேய், காடி சாவிய எடுத்துட்டுப் போடா!" என்று அக்கா பின்னாலேயே வந்தாள்.

என் பழைய காடியை நூற்றைம்பதில் விட்டேன். அந்த வண்டியில் நூறுக்கு மேல் முள் ஏறாது என்று அக்கா சொல்வாள், நீங்கள் காதில் வாங்காதீர்கள். தோட்டத்து ஆபீசுக்குப் போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம். வாசல் காவலாளி கையைக் காட்டிய பக்கம் ஓட்டினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி நிரை. தேன்மொழி தலையை வெளியே நீட்டி, "வீரையாய்யா! வீரையாய்யா!" என்று கத்திக்கொண்டே வந்தாள். அந்தக் குரலைக் கேட்டால் கல்லுக்கும் காது முளைக்கும். பதில்தான் இல்லை.

நாலாவது நிரையில் கிடந்தார். முதுகில் பம்பு இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. வாயில் எச்சில் வழிந்தது. கண்மணி குண்டூசித் தலை மாதிரி சுருங்கியிருந்தது. தேன்மொழி கையுறையை மாட்டினாள். சட்டையைக் கிழித்து எறிந்தாள். காடியில் இருந்த தண்ணீரையெல்லாம் அவர் மேல் ஊற்றினாள். "மாமா, தொடாதீங்க, துணியச் சுத்திக்கிட்டுத் தூக்குங்க!" என்று எனக்கே உத்தரவு. ஒற்றை ஆளாகத் தூக்கினேன். சரி, கால் பக்கம் அவள் பிடித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். "தூங்காதீங்கய்யா. உங்க பொண்ணு பேரு என்ன? சொல்லுங்கய்யா." அவர் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் கண் திறந்து சொன்னார். இப்போது கஞ்சி குடிக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை கமிட்டித் தலைவர் வீட்டுக்கே வந்தார். தாளைக் காட்டினார். "இது உன் கையெழுத்துதானே? எழுதறப்ப தனியாவா இருந்தே?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நம்ம பேச்சு தெரியாதவங்கள இனிமே இங்க வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன்.

இன்று சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, அவரு கேட்டப்ப பேசாம இருந்தே?" என்றேன்.

"எழுதினது என் கை, மாமா. அவரையே இன்னொரு தடவை கேட்டிருக்கணும். நான் போறவதானே, நீங்க இந்த ஊர்லயே இருக்கணுமே."

மச்சான், அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு! நம்புவீர்களா?

அன்று நான் கோப்பிக்கடைக்குப் போகவில்லை. அது பொய். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பேனாவை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, "மாமா, மருந்துல இருக்கேன்னா என்ன?" என்று அவள் கேட்டாள். பொந்தியான் கடலில் நான் தனியாகச் சுறா பிடித்த கதையை ஊசி போட வந்த ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "மருந்து சாப்பிடறார்னு அர்த்தம், எழுதிக்கோ" என்றேன். அவள் எழுதினாள்.

மேலே எழுதியதை அடித்துவிடலாம். அடிக்கவில்லை. என்ன சொல்லித் திரிந்தேன் என்பதும் தெரியட்டும். நாளைக் கமிட்டி உட்காருவதற்கு முன் இதை நானே கொண்டுபோய் ஒட்டுவேன். தலைவர் படிக்காமல் போனால் எழுந்து நின்று உரக்கப் படிப்பேன், ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல். நீங்கள் கொடுத்த வாக்கு என்னால் கெட்டுப்போகாது. இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்த, உங்கள் மனைவியின் தம்பி,
கோவிந்தன்