நல்ல டெக் என்று நான் சொன்னது

அன்புச் சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். அந்தப் படகை வாங்காதே என்று நேற்று ஒரு வரி செய்தி அனுப்பினேன். போன வாரம் நல்லா இருக்குன்னீங்க, இப்ப என்னப்பா, எப்பவும் என் ஆசைக்குக் குறுக்க நிக்கிறீங்க என்று எழுதிவிட்டாய். கோபம் நியாயம்தான். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் படகிலேயே குடியிருக்க மூன்று வருடமாகத் திட்டம் போடுகிறவள் நீ. காரணத்தைப் போனில் சொல்ல முடியாததால் கடிதம். உன் தம்பி மறுபடி வேலையை மாற்றிவிட்டான், மேனேஜர் சரியில்லையாம், மூணு மேனேஜருமாடா சரியில்லை என்று அம்மா பொரிந்து தள்ளுகிறாள், எனக்கு அதில் பாதிதான் கேட்கிறது. விஷயமே அதுதான் கண்ணு. என் காது போய்க்கொண்டிருக்கிறது.

ஒன்றரை வருடமாகிறது, யாரிடமும் மூச்சு விடவில்லை. பழைய படகுகளைச் சோதித்துச் சான்று எழுதுகிறவனுக்குக் காதுதானே எல்லாம். படகின் மேல்தளமான டெக்கைச் சுத்தியால் தட்டினால் நல்ல இடம் டக்கென்று சொல்லும், மேல்பூச்சுக்குக் கீழே உள்ள பலகை ஊறிப்போயிருந்தால் தொப்பென்று அடங்கிவிடும். அந்த வித்தியாசம்தான் முதலில் கேட்காமல் போனது. வெளியே சொன்னால் வேலை போய்விடுமே என்று, கேட்கிறவன் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு மாதம் முன்பு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு நல்ல டெக் என்று எழுதிக் கொடுத்தேன். முந்தாநாள் பாய்மரத்துக்குப் பக்கத்தில் அவர் கால் டெக்கைப் பொத்துக்கொண்டு இறங்கி, தொடை எலும்பு முறிந்துவிட்டது. நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று புரியவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. வெளியே வந்ததும்தான் உனக்கு அந்த ஒரு வரியை அனுப்பினேன்.

நீ டெக்கை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிப் பதிவு செய்து அனுப்பியிருந்தாயே, அதை மூன்று தடவை போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. பொண்ணு கேட்டு அப்பனுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராமல், நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டேன்.

படகு ஒருவேளை நல்லதாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை அழுத்தி நடந்து பார், அமுங்குகிற இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போடு. திருகாணி இறங்கிய இடங்களைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கும். படகுக்குள் இறங்கி மேலே பழுப்புக் கறை இருக்கிறதா என்றும் பார். டெக்குக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால், எதை மறைக்க என்று கேள். இதெல்லாம் பார்த்தாலும் போதாது, காது கேட்கிற ஒரு ஆளைக் கூட்டிப் போய்த் தட்டச் சொல்.

அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திவிடாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசியைச் சொல். நீங்கள் மூவரும் கைகால் சுகத்தோடு நீண்ட நாள் இருக்க வேண்டும். மறந்துவிடாதே, வேறு ஆள் பார்க்கும் வரை கையெழுத்துப் போடாதே. பேத்தி அந்த டெக்கில் ஓடி விளையாடுவாள் என்று தெரிந்துதான் நல்லது என்று எழுதினேன் சின்னவளே, என்னை உடனே மன்னித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா