வெயில் படாத துணிகள்

"என்னங்க" என்று நான் கூப்பிட்டால் "ம்" என்ற ஓரெழுத்திலேயே குடும்பம் நடத்திய என் அன்பானவருக்கு,

வசந்தா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வந்துவிட்டது. நடவு முடிந்து கீழ்வேளூர்ப் பக்கமெல்லாம் வயல் பச்சை கட்டி நிற்கிறது. மலர் பெங்களூரில் மாப்பிள்ளையோடு நன்றாக இருக்கிறாள்.

நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் பாதியில் பிடுங்கிக் கிழித்திருப்பீர்கள். என்னிடம்கூட மறைத்த ஒன்றை ஊரே படிக்கும்படி எழுதப்போகிறேன். மலரிடம் போனில் சொல்லிவிட்டேன். "எழுதும்மா" என்றாள்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறீர்கள்! பால்காரர் அளவு, கூரியர்காரன் முழி, கேஸ் சிலிண்டரின் கனம் என்று எதையும் நான் விட்டதில்லை. "ஒனக்குப் போலீசுல வேல கெடச்சிருக்கணும்" என்பீர்கள். அப்படிப்பட்ட என் கண்ணிலேயே மண்ணைத் தூவப் பார்த்தீர்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தஞ்சாவூரில் புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்து வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "எல்லாம் சரியாப் போச்சுன்னாரு" என்றீர்கள். ஆனால் அதுவரை தன் துண்டைக்கூட அலசிப்போடாத மனுஷர், குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தானே துணி துவைக்கத் தொடங்கினீர்கள். கட்டிலை ஹாலுக்கு மாற்றிக்கொண்டீர்கள். கேட்டால், ஃபேன் சத்தம் என்றீர்கள். அந்த ஃபேன் சத்தத்தில்தானே இத்தனை வருஷமும் குறட்டை விட்டீர்கள்?

ஒருநாள் காலையில் தெருநாய் ஒன்று ஊறிப் பொதபொதவென்று கிடந்த டயப்பர் ஒன்றை இழுத்துவந்து நம் வாசலுக்கு நேரே போட்டுப் பிய்த்தது. பிள்ளைகளுக்குப் போடுவது இல்லை, பெரிய ஆள் போடுவது. எனக்கு உடனே எதிர்வீட்டின் மேல் சந்தேகம். "அவுங்க மாமியாருக்கு இருக்கும்ங்க. பாவம், வெளிய சொல்ல மாட்டேங்குறாங்க" என்றேன். "இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டீர்கள். அதோடு மருந்துக்கடையிலிருந்து கறுப்புப் பையில் எதையோ சுருட்டிக்கொண்டு வருவதை நிறுத்தினீர்கள். அதையும் நான் கவனித்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் என் பழைய நூல்புடவைகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் வேலைக்கு வரும் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். அவளுக்குக் கிழிசல் புடவை எதற்கு? அதே சமயம், உங்களைக் கூத்தாநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கையில் துணிப்பையோடு பார்த்ததாக என் தம்பி சொன்னான். அந்த ஊரில் நமக்கு யாரும் இல்லை. நிலம் இல்லை, உறவு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. என் மனசு எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்போதும் ஒரு கேள்வி இடித்தது. ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறவர் பெண்டாட்டியின் கிழிந்த புடவையையா கொண்டுபோய்க் கொடுப்பார்?

கொல்லைப் பக்கம் விதைநெல் வைக்கும் அறைக்கு நீங்கள் பூட்டுப் போட்டபோது என் சந்தேகம் முற்றிவிட்டது. நீங்கள் வயலுக்குப் போன நேரம் பார்த்து மாற்றுச் சாவியை எடுத்தேன். கதவைத் திறந்ததும் புழுங்கிய ஒரு வாடை. சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, அதில் வரிசையாகத் துணிகள் தொங்கின. என்னுடைய கடுகு நிறப் புடவை, மலரைப் பெற்றபோது நான் உடுத்திக் கழித்த ஊதாப் புடவை. எல்லாம் துண்டு துண்டாக வெட்டி அடுக்கித் தைத்து, ஜட்டி போல ஏதோ ஒரு வடிவத்தில். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே முதலில் பயந்தேன். பிறகு ஒன்றைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. சோப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை. பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியே விதைநெல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாளாக நீங்கள் காலை அகட்டி நடந்தது, வியர்க்குரு என்று சொல்லித் தொடையில் பவுடர் கொட்டிக்கொண்டது எல்லாம் அப்போதுதான் புரிந்தது. வெயிலே படாமல் இருட்டறையில் அரைகுறையாகக் காய்ந்த துணியை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருந்தால் உடம்பு என்ன ஆகும்?

அன்றைக்கே நான் கேட்டிருப்பேன். கேட்கவில்லை. நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டு மறைப்பதைத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் மலர் கல்யாணம் வந்தது. கூடப் படித்த பையனை அவளாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். நீங்களும் சரி என்றுதான் சொல்லியிருந்தீர்கள். பத்திரிகை அடிக்கும் நேரத்தில், "தாரை வார்க்க நம்மளுக்குப் பதிலா தம்பியையும் அவன் பொண்டாட்டியையும் உக்கார வச்சிடலாம். எனக்கு முட்டி வலி" என்றீர்கள். மலர் அடுப்படிக்கு வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு அவரப் புடிக்கலையாம்மா? வாய்க்குச் சரின்னுட்டு இப்ப ஊருக்கு முன்னாடி காட்டுறாரா?"

என் சந்தேகப் புத்தி அவளுக்கும் வந்திருந்தது. அவளிடம் உண்மையைச் சொன்னால் உங்கள் மானம் போகும். சொல்லாவிட்டால் அப்பா தன்னை வெறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பெண் மணவறையில் உட்காருவாள். நான் என்ன செய்ய?

நீங்கள் உர மூட்டை வாங்கப் போயிருந்தபோது, அந்த அறையிலிருந்த அத்தனை துணியையும் வாரிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். திரும்ப அலசி, நல்ல வெயிலில் கொடி நிறையக் காயப்போட்டேன். நீங்கள் தெருமுனையிலேயே பார்த்துவிட்டீர்கள். வண்டியைக்கூட ஸ்டாண்ட் போடாமல் மாடி ஏறி வந்தீர்கள்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல."

"மெடிக்கல்ல சொன்னானுவளா? அந்த டெய்லர் சொன்னானா?"

"எந்த டெய்லர்? எனக்கு ஒருத்தரையும் தெரியாது. நானேதான் பாத்தேன்."

"ஊரே பாக்கும் வசந்தா. எடு மொதல்ல." கொடியிலிருந்து ஒன்றை உருவினீர்கள்.

நான் அதைத் திரும்ப வாங்கிக் கொடியில் போட்டேன். "பாக்கட்டுமே. எல்லாம் என் பொடவ தானே? என்னுதுன்னு நெனச்சுக்குவாங்க. நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க."

நீங்கள் அடுத்ததை உருவவில்லை. பிறகு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னீர்கள். கொஞ்ச நாளில் சரியாகும் என்று டாக்டர் சொல்லியும் ஆகவில்லை என்பதை. கடை டயப்பர் நம் ஊர் வெக்கையில் புண்ணாக்கியதை. அதை எங்கே போட்டாலும் நாய் இழுக்கும் என்ற பயத்தை. கூத்தாநல்லூரில் காசிம் பாய் என்ற தையல்காரர் தன் அப்பாவுக்காகத் தைத்த துணியைப் பார்த்து, உங்களுக்கும் தைத்துக் கொடுத்ததை. மேலே பழகிய நூல்துணி, நடுவில் டவல் துணி, அடியில் மழைக்கோட்டுத் துணி. புதுத்துணி ஈரத்தை இழுக்காது, பழைய புடவை கொண்டுவாங்க என்று அவர்தான் சொன்னாராம். "வெயில்ல காயணும்னு அவரு தலதலயா அடிச்சுக்கிட்டாரு. நான்தான் எங்க காயப்போடுறதுன்னு..." என்று நிறுத்திவிட்டீர்கள்.

துணியில் வெயில் பட்டதும் புண் ஆறியது. தஞ்சாவூருக்கு மறுபடி போனோம். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியால் கசிவும் கொஞ்சம் குறைந்தது. கல்யாணத்தன்று வெள்ளைப் பட்டுவேட்டிக்குள் பாய் தைத்த துணியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். தாரை வார்க்கும்போது உங்கள் கண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, ஐயரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தது. எழுந்ததும் நான் உங்கள் பின்னால் வந்து நின்றேன். வேட்டி பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. "ஒண்ணுமில்ல" என்று உங்கள் காதில் சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் நீங்கள் மலரைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். பெண்ணைப் பிரிகிற அழுகை என்று மண்டபமே நினைத்தது.

அதற்குப் பிறகு தெருவில் என்னைப் பார்க்கும் பார்வை மாறியது. எதிர்வீட்டு அம்மா ஒருநாள், "வசந்தாக்கா, ஒடம்புக்கு ஏதாச்சுமா? மாடியில துணி காயுதே" என்று இழுத்தாள். "வயசாவுதுல்ல" என்றேன். நீங்கள் மாரடைப்பில் போகும்வரைக்கும் அந்தத் துணிகள் என் பேரில்தான் காய்ந்தன. இன்றைக்கு முதல்முறையாக ஊரறியச் சொல்கிறேன், அவை என்னுடையவை இல்லை.

ஏன் இப்போது சொல்கிறேன்? உங்கள் சிநேகிதர் ராஜமாணிக்கம் அண்ணனால்தான். நீங்கள் போன பிறகு நீங்கள் இரண்டு பேரும் உட்காரும் மதகடி டீக்கடைக்கு அவர் வருவதே இல்லை. சிநேகிதன் போன துக்கம் என்று ஊர் சொன்னது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. உங்கள் கருமாதியன்று அவர் பந்தியில் உட்காரவில்லை, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டே நின்றார். அப்படி நிற்பவரை நான் நம் வீட்டிலேயே பார்த்திருக்கிறேனே!

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி சரோஜா அடுப்படியில் இருந்தாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, ஒண்ணுக்குப் போறதுல ஏதாச்சும் தொந்தரவா?" என்று நேராகவே கேட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"சரோஜா சொன்னாளா?"

"யாரும் சொல்லலண்ணே. எங்க வீட்ல அவுங்களுக்கும் இருந்துச்சு. ஆபரேசனுக்கு அப்பறம் போறவரைக்கும் துணி வச்சுத்தான் இருந்தாங்க."

அண்ணன் நிமிர்ந்தார். "அவனுக்குமா?"

"ஆமாண்ணே."

"ஒரே பெஞ்சிலதாம்மா உக்காந்திருந்தோம்." தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "நான் மொதல்ல எந்திரிச்சா வேட்டிய அவன் பாத்துடுவான்னு, அவன் போவட்டும் போவட்டும்னு உக்காந்திருப்பேன். அவனும் எந்திரிக்க மாட்டான். இந்தப் பய ஏன் போய்த் தொலைய மாட்டேங்குறான்னு மனசுக்குள்ள திட்டுவேன். கடசில டீக்கடக்காரன் வந்து பெஞ்ச எடுக்கணும்னு ரெண்டு பேரையும் வெரட்டுவான்."

சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்து துண்டால் துடைத்துக்கொண்டார். அடுப்படி வாசலில் சரோஜா கரண்டியோடு நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அவன்கூடப் பேசுனா நேரம் போறதே தெரியல" என்று நீங்கள் தாமதமாக வந்ததெல்லாம் இதனால்தானா? சீட்டாடுகிறீர்கள் என்றல்லவா நான் சந்தேகப்பட்டேன்! அண்ணன் விஷயத்தில் உங்களுக்கு ஒருநாளாவது சந்தேகம் வந்ததா? வந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

வரும் செவ்வாய்க்கிழமை அண்ணனையும் சரோஜாவையும் முதலில் தஞ்சாவூர் டாக்டரிடமும், பிறகு காசிம் பாயிடமும் கூட்டிப்போகிறேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. இனிமேல் கல்யாண வீட்டில் எவராவது பந்திக்கு முன்னால் நழுவினால், கோயிலில் உட்காராமல் தூணோரம் நின்றால், என் சந்தேகத்தை மனசுக்குள் பூட்டி வைக்க மாட்டேன். அவர்கள் வீடு தேடிப் போவேன். உங்கள் பேரைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பேன்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
மலரின் அம்மா வசந்தா