வலி குறையாத எலிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவும் தங்கையும் சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எலிகளுக்கு அக்குபங்சர் ஊசி குத்தியும் மூலிகைச் சூடு காட்டியும் வலி தீர்கிறதா என்று பார்த்தவர்களின் ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி வாசிப்பதுதான் இங்கே ஆய்வகத்தில் என் வேலை. அலமாரி நிறையக் கட்டுரைகள். எல்லாவற்றிலும் எலி குணமாகித் துள்ளி ஓடுகிறது. போன வாரக் கூட்டத்தில், "ஒரு எலிக்குக்கூடவா வலி குறையாம போயிருக்காது?" என்று கேட்டுவிட்டேன். பேராசிரியரின் முகம் சுருங்கியது. விடுவேனா? மறுபடியும் கேட்டேன். பக்கத்து மேசை அக்கா மெல்ல, "எனக்கு ரெண்டு தடவை பலன் தெரியலை. அதையெல்லாம் எந்தப் பத்திரிகை போடும்னு எழுதாம விட்டுட்டேன்" என்றார். அப்புறம் பார்க்க வேண்டுமே, ஆளாளுக்கு ஒப்புக்கொண்டார்கள்! கடைசியில் பேராசிரியரே, "சரிம்மா, அதையும் தேடிச் சேத்து நீயே எழுது" என்றார். பயப்படாதீர்கள், என் வேலைக்கு ஒன்றும் ஆகாது.

அன்று அறைக்கு வந்ததும் உங்கள் கடிதங்களை எடுத்துப் படித்தேன். முழங்காலுக்கு இதே ஊசி வைத்தியம் தொடங்கியதிலிருந்து எல்லாவற்றிலும் "நல்ல குணம்" என்றே எழுதியிருக்கிறீர்கள். மாடி ஏறுவதையே நிறுத்திவிட்டீர்கள் என்கிறாள் தங்கை. என்னிடமேவா அப்பா? வலித்தால் வலிக்கிறது என்று எழுதுங்கள்.

நம் வீட்டு நீலப் போர்வையை அனுப்பி வையுங்கள். போர்வை இங்கே கடையிலும் கிடைக்கும்தான்.

ஆய்வகத்தைப் பூட்டப் போகிறார்கள், முடிக்கிறேன். மேலே 'நன்றாக இருக்கிறேன்' என்று எழுதியதில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்க்கவில்லை.

உங்கள் மூத்தவள்