நாலாவது ஆள்

புடாபெஸ்ட்
14.5.2025, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

சுமலதா எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உன் காது மிஷின் ரிப்பேராகிக் கிடக்கிறது. போனில் நான் கத்தினால் பக்கத்து மேசைக்காரர்கள் பயந்துவிடுவார்கள். அதனால் வழக்கம்போலத் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படி.

காலையில் ஹங்கேரியின் தலைநகரத்தில் எங்கள் சுற்றுலாப் படகைக் கட்டினார்கள். ஒரே நாளில் ஊரைச் சுற்றிக்காட்டிவிட்டு ஆறு மணிக்குத் திரும்பப் படகேற்றிவிடுவார்களாம். ஆற்றங்கரையில் பார்லிமென்ட், பாலத்து முனையில் கல் சிங்கம், மலைமேல் கோட்டை எல்லாம் பார்த்தாயிற்று. மகள் கூட்டி வந்திருக்கிறாள் என்று இவர் கண்டவரிடமெல்லாம் தமிழிலேயே பீற்றிக்கொள்கிறார். செல்வி வெட்கத்தில் பத்தடி தள்ளி நடக்கிறாள். நீயும் வந்திருக்கலாம். டிக்கெட் போட்ட பிறகு வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மூன்று பேராகப் புறப்படக் கூடாதென்று வாசலில் ஒரு கல்லைக் கொடுத்து, "இத்த நாலாவது ஆளா வெச்சிக்க" என்றாய். அது எங்கே எடுத்த கல்? எத்தனை முறை துடைத்தாலும் நல்லெண்ணெய் கசிகிறது. கைப்பையெல்லாம் பிசுக்கு.

அது மட்டுமில்லை. படகை விட்டு இறங்கும்போது வழிகாட்டிப் பெண் எங்களை நாலு பேர் என்று எண்ணினாள். மூன்றுதான் என்று செல்வி சொன்னதும், எங்களுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள். உன் பெயர் கம்ப்யூட்டரிலிருந்து போகவில்லை என்கிறாள் செல்வி. சரியென்று விட்டேன். இப்போது காபிக் கடையில் நாலு கோப்பை கொண்டு வந்து வைத்தார்கள். நாலாவதை நாங்கள் யாரும் தொடவில்லை. அது காலியாகி, சாசரில் கவிழ்ந்து கிடக்கிறது.

குடித்ததும் டம்ளரை அப்படிக் கவிழ்க்கிறவர் நம் குடும்பத்தில் உன் வீட்டுக்காரர் ஒருவர்தான். பலராமன் மாமா போய்ச் சேர்ந்து நாலு மாசமாகிறது அக்கா. உடனே பதில் எழுது.

உன் தங்கை
சுமலதா


முத்தியால்பேட்டை
14.5.2025, மாலை

அன்புத் தங்கை சுமாவுக்கு அக்கா அஞ்சலாட்சி எழுதிக்கொண்டது.

பயப்படாதே. உனக்குக் கல்யாணப் புடவை எடுத்துக் கொடுத்த மனுஷன், உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்.

அது அவருடைய கருமாதிக் கல்தான். பதினாறு நாளும் எண்ணெயும் பாலும் ஊற்றி, அவரை அதில் வரவழைத்துப் படைத்தோமே, அந்தக் கல். கடைசி நாள் கடலில் விடச் சொல்லி வடிவேல் கையில் நான் கொடுத்தது தோட்டத்துக் கல். பெற்ற பிள்ளையையே ஏமாற்றிவிட்டு, இவரை அரிசிப் பானைக்குள் வைத்துக்கொண்டேன். திட்டாதே. முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்த ஆளைத் தண்ணீரில் போட மனசு வரவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டில்தான் இருக்கிறார். காலையில் டம்ளர் கவிழ்ந்திருக்கும். நான் கழுவி வைப்பேன்.

மேட்டுப்பாளையம் கம்பெனியில் நின்று நின்றே கால் வீங்கிப் போனவர். "ஒரு தடவ படகுல போயி, தெரியாத ஊர்ல எறங்கி நடக்கணும் அஞ்சல" என்பார். கூட்டிப்போகத்தான் நாதியில்லை. எனக்குப் போட்ட இடத்தில் அவர் போய் வரட்டும் என்றுதான் நான் நின்றுகொண்டேன். உண்மையைச் சொன்னால் நீ கல்லை வாங்கியிருக்க மாட்டாய்.

ஆற்றில் கீற்றில் போட்டுவிடாதே. உன் காலில் விழுகிறேன். அவர் இல்லாமல் இந்த எட்டு நாளாய் வீடு வீடாக இல்லை. பத்திரமாகக் கொண்டு வா.

அக்கா
அஞ்சலாட்சி


படகில்
14.5.2025, மாலை ஆறரை

அக்கா,

உன்னைத் திட்ட ஆரம்பித்தால் தாள் போதாது. இவரிடமும் செல்வியிடமும் எதுவும் சொல்லவில்லை. பாலத்தைக் கடந்து வந்ததும், ஆற்றங்கரைப் படியில் தனியாக உட்கார்ந்து கல்லைக் கையில் எடுத்தேன். போட்டுவிடத்தான் எடுத்தேன். காலில் விழுகிறேன் என்று எழுதியிருந்தாய், முடியவில்லை. திரும்பப் பையில் வைத்தேன்.

படகேறும்போது அந்த வழிகாட்டிப் பெண் எங்களை எண்ணினாள். மூன்று என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நாலாவது ஆள் எங்கே என்று செல்வியைக் கேட்கச் சொன்னேன். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர்தானே, பாலத்தில் உங்களை விட்டுப் பிரிந்தாரே, தெரியாதா என்றாளாம். ஆறு மணிக்குப் படகு கிளம்பிவிடும் என்று அவரிடம் எச்சரித்தாளாம். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிர்க்கரைப் பக்கம் நடந்தாராம். "யாரோ வேற பேசஞ்சர சொல்லுதும்மா இது" என்று செல்வி சிரிக்கிறாள்.

படகு கிளம்பிவிட்டது. கல் என் மடியில் இருக்கிறது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. நல்லெண்ணெய் வாசனையும் போய்விட்டது. இதைக் கொண்டு வரட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

சுமலதா


முத்தியால்பேட்டை
15.5.2025, காலை

அன்புத் தங்கைக்கு,

நேற்றே படித்துவிட்டேன். எழுத இப்போதுதான் தெம்பு வந்தது.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இந்த நாலு மாசமும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை சுமா. வாசல் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். "உக்காருங்க, கால் வலிக்கப் போவுது" என்பேன். உட்கார மாட்டார். எதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பகலிலும் தாழ்ப்பாள் போட்டு வைத்தேன், பாவி. கூட வந்திருந்தால் அங்கேயும் அவரை இறங்க விட்டிருக்க மாட்டேன்.

கல்லைக் கொண்டு வராதே. அடுத்த கரையில் எங்காவது வைத்துவிடு. மூன்று பேராகவே வாருங்கள், ஒன்றும் ஆகாது. வடிவேலிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவர் தலையாட்டியது, கை கட்டியது, நடந்தது எல்லாம் எழுதியிருக்கிறாய். திரும்பிப் பார்த்தாரா என்று எழுதவில்லை. அந்தப் பெண்ணிடம் அதைக் கேட்காதே.

அக்கா