ஓட்டைப் பென்னியின் விலை

மூன்ட்டா,
1988 ஆகஸ்ட் 14, ஞாயிறு

அன்புள்ள தம்பி ஜாகோவுக்கு,

அக்கா மோர்வென்னா எழுதுவது. நான் நலம். கெய்ன்ஸ் வெயிலில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மூன்று நாளாக விடாத மழை. சமையலறைக் கூரை அதே இடத்தில்தான் ஒழுகுகிறது. முழங்காலும் வலிக்கிறது. குசலம் இத்தோடு போதும். உன்மேல் எனக்கு நல்ல கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ அனுப்பிய நாணய வியாபாரி கிட்டோ செவ்வாய்க்கிழமை அடிலெய்டிலிருந்து வந்தார். மனிதர் நல்ல மரியாதை, நல்ல கோட்டு. அம்மாவின் பென்னியை மேசையில் வைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். 1930ஆம் வருஷத்துப் பென்னி நாட்டில் கொஞ்சம்தான் இருக்கிறது, சேகரிக்கிறவன் ஒவ்வொருவனுக்கும் அதில் ஒன்று வேண்டும், அதனால் தேய்ந்து போனதுகூட ஒரு கார் விலைக்குப் போகும் என்று எனக்கே பாடம் எடுத்தார். ஆனால் ராஜா தலைக்கு மேலே ஓட்டை இருக்கிறதே, இப்படியே விற்றால் சில நூறு டாலர் தேறினால் அதிகம் என்றார்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். மெல்போர்னில் அவருக்கு ஓர் ஆள் இருக்கிறானாம். இன்னொரு பென்னியின் செம்பை வைத்து ஓட்டையை அடைத்து, எழுத்தைச் செதுக்கி, நிறம் ஏற்றிக் கொடுப்பானாம். பிறகு அதை ஓட்டையே இல்லாத காசு என்று சொல்லி வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பிவிடலாமாம். நீ சம்மதித்துவிட்டாய் என்றார். நான் நம்பவில்லை. அப்போதுதான் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

'இந்தக் காசு எங்கள் தந்தையின் புகையிலை டப்பாவில் ஐம்பது ஆண்டுகளாக யார் கையும் படாமல் இருந்தது.' கீழே உன் கையெழுத்து. இரண்டு தடவை படித்தேன்.

அவர் எனக்குச் சமாதானம் சொன்னார். "கதை இருந்தா விலை கூடும்மா. ஒரே குடும்பத்துல இருந்த காசுன்னா வாங்குறவன் மறுபேச்சுப் பேச மாட்டான்."

ஜாகோ, இந்த ஊர் நாணயச் சங்கத்தில் நான் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். பழசு என்றாலே விலை என்று நினைக்கிற ஆள் நீ. என்னிடம் ஆயிரத்து அறுநூறு வருஷத்து ரோமானியச் செப்புக்காசு ஒன்று இருக்கிறது. கறி அடைத்துச் சுட்ட பாஸ்டி நாலு வாங்குகிற பணத்தில் வாங்கினேன். அதைப் பானை பானையாகத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை. எத்தனை மிச்சம் இருக்கிறது, எந்த நிலைமையில் இருக்கிறது, எத்தனை பேர் அதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் விலை. சங்கத்து வெர்னாவின் புருஷன் ஆசையாக அவளுடைய ஷில்லிங்குகளைப் பித்தளைப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தான். பாதி விலை போயிற்று. அவள் ஒரு வாரம் அவனுக்குச் சோறு போடவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். கிட்டோ சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர் கொண்டுவந்த விலைப்பட்டியலின் அட்டையில் பெரிய படம் ஒன்று இருந்தது. நம் நாட்டின் முதல் காசு. ஸ்பானிய வெள்ளி டாலரின் நடுவை வெட்டி எடுத்த வளையம். இது என்ன விலை போகும் என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். ஒரு வீடே வாங்கலாம் என்றார்.

"இதுலயும் ஓட்டைதானே இருக்கு?"

சிரித்துவிட்டார். "அது கவர்னர் போட்ட ஓட்டைம்மா. இது உங்கப்பா போட்ட ஓட்டை."

"அப்ப எங்கப்பா போட்டதாவே இருந்துட்டுப் போகட்டும். காசை மேசையில வைங்க. தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்புங்க."

வைத்துவிட்டுப் போனார். தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை.

கவர்னர் எதற்கு ஓட்டை போட்டார் தெரியுமா? நல்ல வெள்ளியைக் கப்பல்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். நடுவை வெட்டிவிட்டால் வெளியூரில் எவனும் தொட மாட்டான், காசு இங்கேயே தங்கும் என்றுதான். அப்பா போட்ட ஓட்டைக்கும் அதே பலன். 1934இல் சுரங்கமும் இல்லை, வேலையும் இல்லை. கல்யாண நாளுக்கு அம்மாவுக்கு ஒரு பதக்கம் வாங்க வக்கில்லாமல், கொல்லன் பட்டறையில் ஒரு பென்னியைத் துளைத்து, பூட்ஸ் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் போட்டார். வருஷத்தை யார் பார்த்தார்கள்? பிறகு ஊரெல்லாம் சில்லறையைக் கொட்டி 1930ஐத் தேடியபோதுதான் அம்மா தன் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவள் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும், நீயும் அங்கேதான் ரொட்டி தின்றுகொண்டிருந்தாய்.

"ஏன் மனுஷா அழுவுறே? நீ ஓட்டை போடாம இருந்தா இதை அந்த வாரமே மாவுக்குக் குடுத்திருப்பேன்."

ஐம்பத்துநாலு வருஷம் அவள் கழுத்தில் கிடந்தது. ராஜாவின் முகம் தேய்ந்திருப்பது கடைக்காரர் விரல்பட்டு அல்ல, அவள் நெஞ்சில் உரசி. அதைப் போய் யார் கையும் படாதது என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடைக்கப் போகிறவன் ஓட்டையை மட்டுமா அடைக்கிறான்?

ஆகவே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். பென்னியின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து, எடையை எழுதி, ஓட்டை எங்கே, யார் போட்டது, எந்த வருஷம் என்று எல்லாவற்றையும் சங்கத்தின் இதழில் முழுப் பக்கம் போடச் செய்தேன். வெர்னா அதைத் தபாலில் எல்லா மாநிலத்துச் சங்கங்களுக்கும் அனுப்பிவிட்டாள். இனி எவன் அடைத்தாலும் அது நம் அப்பா ஹெட்லி பாஸ்கோ ஓட்டை போட்ட பென்னி என்று தெரிந்துவிடும். அதன் விலையை என் கையாலேயே கெடுத்துவிட்டேன். நீ திட்டுவாய். திட்டிக்கொள்.

உன் படகு எஞ்சின் போய்விட்டது என்பதை நான் மறக்கவில்லை. கிடைப்பதற்கு அரிதான என் 1923ஆம் வருஷத்து அரைப்பென்னியை நேற்றுச் சங்க ஏலத்தில் விற்றேன். விளிம்பில் ஒரு வெட்டு இருந்தது. யாரும் கேட்பதற்கு முன்னால் நானே எழுந்து சொன்னேன். விலை கொஞ்சம் இறங்கியது, ஆனாலும் நல்ல விலைதான். செக் இதோடு இருக்கிறது. எஞ்சின் வாங்கிக்கொள். திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுதினால் அடுத்த கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

மார்ச்சில் அம்மாவை அடக்கம் செய்தபோது நீ வரவில்லை. ஏன் என்று அப்போது கேட்கவில்லை, இப்போதும் கேட்கப்போவதில்லை. பென்னிக்குப் புதுக் கயிறு போட்டுச் சமையலறை ஜன்னல் ஆணியில் மாட்டியிருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள், தடுக்க மாட்டேன்.

நேற்றும் பாஸ்டி சுட்டேன். அம்மா செய்கிற மாதிரியே ஓரத்தில் மாவால் பெயரின் முதல் எழுத்தை வைத்தேன். ஒன்றில் என் எழுத்து, ஒன்றில் உன்னுடையது. ஐந்து மாதமாக உன்னுடையதையும் நானேதான் தின்கிறேன். பருமனாகிக்கொண்டு வருகிறேன், ஜாகோ. சீக்கிரம் வா.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன்மேல் கோபம் இன்னும் ஆறாத,
அக்கா மோர்வென்னா