ஒரே காயில் இரண்டு பட்டாணி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். அத்தையின் முட்டிவலி தேவலையா?

நேற்று நான் வேலை பார்க்கும் கேண்டீனில் பட்டாணி உரிக்கும்போது, பாப்பாவின் போட்டோவைப் பார்த்த பெரிய சமையல்காரர், பிரித்த காயை என் மூக்கருகே நீட்டி, "ஒரே காயில ரெண்டு பட்டாணிய்யா நீங்க!" என்றார். ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். நாம் "உரிச்சு வச்ச மாதிரி" என்போமே, அதுதான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

போன வாரம் வீடியோ காலில் அவள் என்னை "மாமா" என்றதற்கு அதட்டினாயே, இனி வேண்டாம். போனில் வரும் ஆண்களெல்லாம் அவளுக்கு மாமாதானே. அப்போது என் கண் கலங்கியது வெங்காயம் நறுக்கியதால்தான்.

சுவர்க் கண்ணாடியை மட்டும் அவள் உயரத்துக்கு இறக்கி மாட்டு. அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டால் அதைக் காட்டு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

பாப்பாவின் அப்பா