தண்ணீர் மொய்

ஏப்ரல் 9, 1969. புதன். லம்பா லைன்.

வெயில். தீவைச் சுற்றிலும் கடல், குழாயில் காற்று.

காலையில் குழாயடி. இங்கே வரிசையில் ஆள் நிற்பதில்லை, ஆளுக்குப் பதில் பொருள் நிற்கும். ஓட்டை வாளி, செங்கல், நசுங்கிய டின். என் சார்பில் என் இடது கால் செருப்பு. அதை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. குழாயடி நாட்டாமையான பெங்காலி மாமியிடம் முறையிட்டேன். "சப்பல் நஹீ, நம்பர் நஹீ" என்றாள். செருப்பு போனால் முறையும் போச்சாம். ஆபீசுக்கு வெறுங்கால்.

எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு மறுபிறவி உண்டு. அரிசி களைந்தது காய் கழுவும், காய் கழுவியது பாத்திரம் தேய்க்கும், பிறகு மிளகாய்ச் செடி. நடுவில் எங்கோ நான் முகம் கழுவுகிறேன். எந்தப் பிறவியில் என்று வீட்டுக்காரி சிவகாமி சொல்வதில்லை.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டி ஆபீஸ். ஊருக்கே நாக்கு வறண்டு கிடக்கிறது, கப்பலுக்கு நல்ல தண்ணீர் ஏறுகிறது. சரி, கப்பலில் இருப்பதும் மனிதர்கள்தான். ஆனால் குழாய் மூட்டில் ஒழுகல். நல்ல தண்ணீர் கொட்டோ கொட்டென்று கடலுக்குள்! ரப்பர் வாஷர் கேட்டுக் குறிப்பு எழுதினேன், எழுதினேன், எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஒரே பதில்: "மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும்." கப்பல்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வாஷருக்கு மட்டும் கடல் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

மாலை. அடுத்த வீட்டு ஃபிலோமினா வந்தாள். தூத்துக்குடிக்காரி, புருஷனுக்கு மீன்பிடிப் படகு. மகள் மேரிக்குத் திங்கட்கிழமை கல்யாணம். தவக்காலம் முடியட்டும் என்று காத்திருந்து, நட்டநடுக் கோடையில் மாட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு இங்கேதான் துறைமுகத்தில் வேலை. அவன் தாயார் நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறாள். குளிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். அரை வாளி வந்ததும் ஆடிப்போய்விட்டாளாம்.

"தண்ணியில்லாத ஊர்ல எப்படிப் பந்தி போடுவிய? முடியலேன்னா இப்பவே சொல்லிருங்க, ஊருக்குப் போய் அங்கயே தாலி கட்டிக்கிடுதோம்னு சொல்லுதாவ அண்ணாச்சி."

ஃபிலோமினா குடும்பத்தோடு கப்பல் ஏறி ஊருக்குப் போகக் காசுக்கு வழி கிடையாது. மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பெற்றவளே பார்க்க முடியாது.

நான் மார் தட்டினேன். "கவலைய விடு தங்கச்சி. டேங்கருக்கு நான் ஆச்சு."

அடுப்படியிலிருந்து சிவகாமி: "செருப்பையே காப்பாத்தத் தெரியல. டேங்கராம்!"

ஏப்ரல் 10. வியாழன்.

புழுக்கம். பெரிய ஆபீசரைப் பார்த்தேன். மெட்ராஸ்காரர். மேசையில் கண்ணாடி ஜாடி, அதில் ரோஜா. அது நிற்பதும் நல்ல தண்ணீரில். ஒரு கல்யாணம், ஒரே ஒரு டேங்கர் என்றேன்.

"பஞ்ச காலம்ய்யா. ஜனங்களுக்குப் பொறுப்பு வேணாமா? ஜூன்ல மழை வந்ததும் வெச்சுக்கச் சொல்லுங்களேன்."

வெளியே டேங்கர் நின்றது. டிரைவர் பீடியோடு. எங்கே சவாரி என்றேன்.

"சாப் கா பங்களா, பாபு. காஸ் கே லியே."

பெரிய ஆபீசர் பங்களாப் புல்லுக்கு! இந்த மாதம் பங்களாத் தோட்டங்களுக்குள் போட்டியாம். எந்த வீட்டம்மாவின் புல் பச்சையாக இருக்கிறது என்று பார்த்துப் பரிசாம். மேரி கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம், புல்லைத் தள்ளிப் போட முடியாது. குழந்தைக்குக் கஞ்சி வைக்க ஒரு செம்புக்கு நாயாய் அலைகிறார்கள், இங்கே புல்லுக்கு லாரியில் வருகிறது குளியல். பொறுப்பு வேண்டுமாம், ஜனங்களுக்கு!

ஆபீசரிடம் கேட்க நினைத்தவற்றையெல்லாம் எழுதினால் இந்தத் தாள் பற்றிக்கொள்ளும். கேட்டது: "அப்ப வரேன் சார்."

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், பூண்டு, செருப்பு (இடது மட்டும் விற்பார்களா?).

ஏப்ரல் 12. சனி.

என் மூளையும் சில நாட்களில் வேலைக்கு வருகிறது. எதிர்த் தீவில் ஓர் ஓடை, கோடையிலும் வற்றாது. அந்தப் பக்கம் போகும் படகை ஓட்டும் சாரங் எனக்குத் தெரிந்தவன். காலி டிரம் கொடுத்தால் நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்றான். கொடுத்தனுப்பினேன். கையோடு லம்பா லைன் முழுக்கப் பறைசாற்றியும் விட்டேன். பெங்காலி மாமி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நெடுநாளுக்குப் பிறகு.

ஏப்ரல் 13. ஞாயிறு.

எழுதக் கை கூசுகிறது.

டிரம்கள் வந்தன. உருட்டிவர நாலு பேர், வேடிக்கை பார்க்கத் தெருவே. சம்பந்தியம்மாவும் வந்தாள். முதல் தம்ளர் மரியாதை எனக்கு. குடித்தேன். உப்பு. கடலேதான்.

ஓடைக்குள் படகு நுழையக் கடல் ஏற்றம் வேண்டும். ஏற்றத்தில் கடலும் கூடவே நுழையும். கரையேறி மேலே போய் மொள்ளச் சோம்பல்பட்டு, சாரங் படகில் இருந்தபடியே மொண்டிருக்கிறான். ஜெட்டி ஆபீசிலேயே வேலை பார்க்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை.

சமையல்காரர் நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஒரு லாபம் சார். உப்பு வாங்க வேண்டாம்."

சம்பந்தியம்மா துப்பினாள். "இது தண்ணியா, கருவாடு கழுவுனதா? பேச்சே வேண்டாம். அடுத்த கப்பல்ல எல்லாருமாப் போயிருவோம்."

உள்ளே மேரி விசும்புகிற சத்தம். ஃபிலோமினா டிரம் மூடியை அடித்துச் சாத்தினாள். பிறகு தெருவைப் பார்த்துச் சத்தமாக:

"எனக்கு யாரும் மொய் எழுத வேண்டாம். வாரவங்க ஆளுக்கொரு குடம் தண்ணி கொண்டாங்க. என் மவளுக்கு அதான் மொய்."

"ஊரு சிரிக்கும்" என்றாள் சம்பந்தியம்மா.

"சிரிக்கட்டும் மதினி. குடத்தோட வந்து சிரிக்கட்டும்."

பஸ் பிடித்துக் கராச்சர்மா வரை போய், அழைத்த வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். இந்த வாய்க்கு இன்றுதான் உருப்படியான வேலை.

ஏப்ரல் 14. திங்கள்.

வந்தார்கள்! பெங்காலி மாமி வாளியில், தளும்பாதிருக்க மேலே இலை மிதக்க. தெலுங்குக் கொத்தனார் பால் கேனில். வாத்தியார் ஒரு கூஜா (மனிதர் எப்போதுமே அப்படித்தான்). சாரங் தலையைக் குனிந்தபடி ஒரு டின், நல்ல தண்ணீர். பந்தல் வாசலில் சம்பந்தியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொண்டுவந்ததையெல்லாம் சொட்டுச் சொட்டாய் ருசி பார்த்த பிறகே உள்ளே விட்டாள். பெண் பார்க்கும்போதுகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டாள்.

அப்புறம் ஜீப். மாப்பிள்ளையின் மேலதிகாரி என்ற முறையில் பெரிய ஆபீசர். சலவைச் சட்டை, கையில் கவர்.

ஃபிலோமினா கும்பிட்டாள். "கவரு இருக்கட்டும் ஐயா. உங்க குடம்?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் பந்தல் மூங்கிலைப் பார்த்தேன். நல்ல மூங்கில்.

"அது... வீட்ல தண்ணி..." என்று இழுத்தார்.

சம்பந்தியம்மா: "புல்லுக்கு ஊத்துனது போக மிச்சம் இருந்தாப் போதும் தம்பி."

யார் சொன்னார்களோ! நான் வெளியே மூச்சு விடவில்லை. குழாயடியில் மட்டும் சொன்னேன்.

ஜீப் திரும்பிப் போய் இரண்டு கேன் கொண்டுவந்தது. தாலி ஏறியது. பந்தி நடந்தது. சாப்பிட்டு எழுந்து, எல்லாரும் கை கழுவினோம். கழுவிய தண்ணீரை ஃபிலோமினா அண்டாவில் பிடித்து வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 17. வியாழன்.

வெயில். பரிசு அறிவித்துவிட்டார்கள்: பெரிய ஆபீசர் பங்களா, முதலிடம். என் மேசை ஜன்னலோரத்திலிருந்து கக்கூஸ் பக்கம் மாற்றம். காரணம் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

சம்பந்தியம்மா இன்று கப்பல் ஏறினாள். நான்தான் பெட்டி தூக்கினேன். வழியில் குடிக்கக் கப்பலில் பிடித்துக்கொள்ள, ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குடம் காலியாக அவள் இடுப்பில். ஜெட்டியில் அந்த ஒழுகலைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"ஏ அண்ணாச்சி! அங்க நாக்கு வறண்டு சாவுதாவ. இது யாரு வீட்டுத் தண்ணி இப்படிப் போவுது?"

"வாஷர் மெயின்லேண்ட்ல இருந்து வரணும்மா."

"நானே வந்துட்டேன், வாஷருக்கு என்ன கேடு?"

குடத்தை ஒழுகலுக்கு அடியில் வைத்தாள். காவலாளி "ஏ, ஏ" என்றான். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நிரம்பியதும் என் கையில் கொடுத்தாள்.

"மாப்பிள்ள வீடுன்னு அன்னைக்கு வெறுங்கையோட உக்காந்திருந்துட்டேன். ஃபிலோமினா மதினிகிட்ட குடுத்துருங்க. மொய்."

"குடம்?"

"குடமுந்தான்."

லம்பா லைன் பஸ். மடியில் குடம். கண்டக்டர் குடத்துக்கும் டிக்கெட் கேட்டான், கொடுத்தேன். மேடேறும்போது பின்னாலிருந்து ஹாரன். பஸ் ஒதுங்க, டேங்கர் முந்திக்கொண்டு போயிற்று. பின்குழாயைச் சரியாக மூடவில்லை, ரோடு நெடுக ஒழுகிக்கொண்டே போய் பங்களாப் பக்கம் திரும்பியது. ஈரக் கோட்டின் மேலேயே எங்கள் பஸ்ஸும் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. குடத்தின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.